சரணத்துக்கு ஒரு சுருதி

பிப்ரவரி 2, ஞாயிறு

பஸ் டெப்போவில் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இன்று முதல் எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. சரியாக நான்கு வாரத்தில், மார்ச் இரண்டாம் தேதி, எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், அறுப்பின் பண்டிகை. என் மனைவி பியூலா எழுதி மெட்டுப் போட்ட பாட்டை அன்று பெண்கள் சங்கம் பாட வேண்டும். நான் கிட்டார் வாசிக்க வேண்டும். இரண்டும் நடக்கும்.

இன்றைய நிலவரம் வேறு. பியூலா பாட்டு நோட்டை அரிசி டின்னுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டாள். பாடவில்லை என்று சங்கத்தில் சொல்லிவிட்டாளாம். கோயில் கீபோர்டு வாசிக்கிற பிரின்ஸ் இந்தப் பாட்டுக்கு வாசிக்க முடியாது என்றானாம், கருவி இல்லாமல் விசேஷப் பாட்டு வைப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. இதெல்லாம் என் தங்கை மெர்லின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறாள்.

பியூலா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. ஒரேயடியாகப் பேசாமல் இல்லை. "சோறு இருக்கு", "கேஸ் தீந்துட்டு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் இருவர்தான், ஆகவே சுவர் என்பது நான்தான். ஜனவரியில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். டைரியில் எழுதுகிற அளவுக்குப் பெரிய வார்த்தை இல்லை.

மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோனேன். தொட்டி நிறைந்து அரைமணி நேரம் வழிந்திருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மெர்லின் அனுப்பிவிட்டாள்! போன வாரம் அவள் வீட்டில் சங்கத்துப் பெண்கள் பாடிப் பார்த்ததை ஃபோனில் பதிவு செய்திருக்கிறாள். மூன்று நிமிடம் பத்து வினாடி. கூடவே ஒரு எச்சரிக்கை: "அண்ணே, மதினிட்ட மட்டும் சொல்லிராத. என்னையக் கொன்னுபோடுவாவ."

ஷிப்ட் முடிந்ததும் என் டைம் கீப்பர் அறையிலேயே உட்கார்ந்து ஒரு வலைத்தளத்தில் ஏற்றினேன். என்ன ஒரு உலகம் இது! பாட்டைக் கொடுத்தால் கிட்டார் கார்டுகளை, அதாவது எந்தக் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதை, அதுவே எழுதித் தருகிறது. கல்லூரியில் நான் கிட்டார் பழகிய காலத்தில் ஒரு பாட்டுக்கு எந்த இடத்தில் எந்தக் கார்டு அடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க நாலு பேர் சேர்ந்து நாலு நாள் சண்டை போடுவோம். இங்கே கட்டம் கட்டமாகத் திரையில் ஓடுகிறது. பாட்டு நகர நகர ஒவ்வொரு கட்டமும் மஞ்சளாக மின்னுகிறது.

முதல் சரணம்: ஜி, சி, டி, ஈ மைனர். எனக்குத் தெரிந்த நான்கும் அந்த நான்குதான்! மேஜையைத் தட்டிவிட்டேன். ஏரல் வண்டி டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, லாட்டரியா?" என்றார்.

இரண்டாவது சரணத்தில் கட்டங்கள் திடீரென்று வேறு பெயர் காட்டின. ஜி ஷார்ப், சி ஷார்ப். மூன்றாவதில் ஏ. நடுவில் ஓரிடத்தில் சம்பந்தமே இல்லாமல் பி என்று ஒரு கட்டம். திரும்பத் திரும்பக் கேட்டதில் அது குக்கர் விசில். மெர்லின் வீட்டில் பருப்பு வெந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரு நாளைக்கு மூன்று முறைதான் ஏற்ற விடுகிறார்கள். மூன்றையும் முடித்துவிட்டேன். நாளை வரை எப்படிப் பொறுப்பேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இன்று வேறொரு தளம். பாட்டில் குரலைத் தனியாகவும் மற்ற சத்தத்தைத் தனியாகவும் பிரித்துத் தருமாம். கொடுத்தேன். ஃபேன் இரைச்சலைக் கச்சிதமாகப் பிரித்து எடுத்துவிட்டது. குக்கர் விசிலை மட்டும் பாடகி என்று நினைத்து வைத்துக்கொண்டது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

சுத்தமான குரலை மறுபடி கார்டு தளத்தில் ஏற்றினேன். அதே விடை! முதல் சரணம் ஜி. இரண்டாவது ஜி ஷார்ப். மூன்றாவது ஏ. நான்காவது ஏ ஷார்ப். ஒவ்வொரு சரணத்துக்கும் சரியாக அரைப்படி மேலே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கோளாறு இல்லை, பியூலா வேண்டுமென்றே செய்திருக்கிறாள்! பெரிய இசையமைப்பாளர்கள் கடைசிச் சரணத்தில் ஒரு முறை சுருதியை மாற்றினாலே கூட்டம் கை தட்டும். இவள் சரணத்துக்குச் சரணம் மாற்றியிருக்கிறாள். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இவளுக்குள் இப்படி ஒரு மூளை இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் வாழைப்பூ வாங்கினேன். அவளுக்குப் பிடிக்கும். வாங்கி வைத்துக்கொண்டு, "பூ ஆய இன்னைக்கு நேரமில்ல" என்று சுவரிடம் சொன்னாள். நானே ஆய்ந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கிட்டாரை அலமாரி மேலிருந்து இறக்கி டெப்போவுக்குக் கொண்டுபோய்விட்டேன். காலை ஷிப்ட் ஒரு மணிக்கு முடிகிறது. அதற்குப் பிறகு டயர் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜி சுருதிச் சரணம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஜி ஷார்ப் சரணத்தில்தான் சனி. கேப்போ என்று ஒரு கவ்வி உண்டு, அதைக் கிட்டாரின் கழுத்தில் மாட்டினால் சுருதி ஏறிவிடும், விரல் பழையபடியே வாசிக்கலாம். ஆனால் பாட்டின் நடுவில் அதைக் கழற்றி மாட்ட மூன்றாவது கை வேண்டும். ஆகவே சுட்டுவிரலையே கவ்வியாக்கி ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கல்லூரியில் இதற்குப் பயந்துதான் நான்கு கார்டோடு நின்றேன். நாற்பத்துநாலு வயதில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் அடித்ததில் ஒரே ஒரு முறை ஆறு கம்பியும் தெளிவாகக் கேட்டது. அந்த ஒரு முறைக்கு டயர் அறையே அதிர்ந்தது!

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து பிரின்ஸைப் பிடித்தேன். எதற்குக் கேட்கிறேன் என்று காட்டிக்கொள்ளாமல், "பொம்பளைங்க பாட்டுக்கு வாசிக்க மாட்டேன்னுட்டியாமே?" என்றேன்.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டுக்கு ஒரு சுருதி கெடையாது. நான் எல்லாத்தையும் சி-லதான் வாசிப்பேன், சுருதிக்கு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கி வச்சிருவேன். இவங்களுக்குச் சரணத்துக்குச் சரணம் அமுக்கிக்கிட்டேவா இருப்பேன்?"

என் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அவன் வாயாலேயே வந்துவிட்டது, சரணத்துக்கு ஒரு சுருதி! பட்டனை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரிப் பாட்டு எப்படிப் புரியும்? "உன் கஷ்டம் எனக்குப் புரியுது தம்பி" என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இடது கை விரல் நுனி நான்கும் வீங்கிவிட்டன. வலது கையில் கம்பியைத் தட்டித் தட்டி ஆள்காட்டி விரலும் கொப்பளம். மதியச் சாப்பாட்டில் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பூன் இருந்தது. எங்கள் வீட்டில் சோற்றுக்கு ஸ்பூன் வைக்கிற பழக்கமே கிடையாது. ஏன் வைத்தாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

நான்காவது சரணத்தில் ஓரிடத்தில் ஜி மைனரா, டி ஷார்ப்பா என்று தளத்துக்கே சந்தேகம். ஒரு முறை ஒன்றைக் காட்டுகிறது, மறு முறை மற்றதை. விடுவேனா? சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்குகிற தளம் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். ஜி மைனர்தான். ஜெயித்தேன்!

நாற்பது முறை கேட்டால் வார்த்தையும் காதில் விழுந்துதானே ஆகும். முதல் சரணம் எனக்குத் தெரியும். "முருங்கையும் தந்தீர், முட்டையும் தந்தீர், முற்றத்துக் கிணற்றில் தண்ணீரும் தந்தீர்" என்று அறுப்பின் பண்டிகைக்குப் பெண்கள் தட்டில் கொண்டுவருகிற ஒவ்வொன்றையும் சொல்லி நன்றி செலுத்துகிற பாட்டு அது. நான்காவது சரணத்தை இதற்கு முன் கேட்டதில்லை. ஜனவரியில் அது இல்லவும் இல்லை. "பேச்சற்ற வீட்டிலும் பாட்டொன்று தந்தீர்" என்று வருகிறது. எதுகைக்காக எழுதியிருப்பாள்.

சரி, எழுதிவிடுகிறேன். ஜனவரி 12. எங்கள் வீட்டில் சங்கத்தின் ஜெபக்கூட்டம். பியூலா முதல் முறையாக இந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள். நான் முறுக்குத் தட்டோடு வந்தவன் வாசலில் நின்று, "பாட்டா இது? நான் பஸ் ஸ்டாண்டு மைக்குல ஏரல், குரும்பூர், ஆறுமுகநேரின்னு ஊர்ப்பேரு வாசிக்குத மாதிரில்லா இருக்கு" என்றேன். பதினொரு பெண்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன். பியூலாவும் சிரித்தாள். அதனால்தான் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

நான்கு சரணமும் தடங்கல் இல்லாமல் முழுசாக வந்துவிட்டது! டயர் அறைக்கு வந்த மெக்கானிக் நின்று கேட்டுவிட்டு, "கடைசில என்னவோ பண்ணுது அண்ணாச்சி, மேல தூக்குது" என்றான். நாளை பியூலாவிடம் சொல்லப் போகிறேன். என்ன முகம் காட்டுவாள் என்று நினைக்க நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது. மெர்லினிடம் ஃபோனில் சொன்னேன். "அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும், மன்னிப்பு கேட்டியா?" என்றாள். அதற்குத்தானே விரலைப் புண்ணாக்கியிருக்கிறேன், வாயால் வேறு தனியாகக் கேட்க வேண்டுமா?

பிப்ரவரி 16, ஞாயிறு

எல்லாம் நாசம்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். "பியூலா, உன் பாட்டுக்கு முழுசா கார்டு எடுத்துட்டேன். நீ ஜி-ல ஆரம்பிச்சு சரணத்துக்குச் சரணம் அரைப்படி ஏத்துதல்லா, அந்த மாதிரி யோசனை ஒருத்தனுக்கும் வராது. மூணாவது சரணத்துல ஏ-க்குப் போற பாரு, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துட்டு."

அவள் ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பிரின்ஸ் சொல்லித் தந்தானா?"

"இல்ல, நானே கண்டுபிடிச்சேன்."

"ஒரு தடவ சிரிச்சது போதாதா உங்களுக்கு? சரி, ரெண்டு பேரும் சேந்து நல்லா சிரிங்க."

உள்ளே போய்விட்டாள். அடுப்படி அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் புகழ்ந்துதானே பேசினேன்? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 17, திங்கள்

டெப்போவிலிருந்து மெர்லினைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஃபோனில் நீளமாக ஒரு பெருமூச்சு.

"அண்ணே, உனக்கு நெசமாவே தெரியாதா? மதினி சுருதியை ஏத்தல. அது தானா ஏறுது. பாடப் பாட அவ்வோளுக்கு உற்சாகம் கூடிரும், கூடவே சுருதியும் போயிரும், நாங்களும் பின்னாலேயே போயிருதோம். அதத்தான் பிரின்ஸ் அத்தனை பேர் முன்னால சொன்னான். 'அக்கா, உங்களுக்குச் சுருதி நிக்கல, எழுதுறதோட நிறுத்திக்கிடுங்க'ன்னு. அன்னைக்குத்தான் நோட்டைத் தூக்கிப் போட்டாவ."

அடுத்து அவள் சொன்னது சங்கத் தலைவியின் முடிவைப் பற்றி: "ஞானசெல்வம் டீச்சர் வியாழக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிருவாவ. ஞாயித்துக்கிழமை சபை ஐயர்ட்ட லிஸ்டு குடுக்கணும். மதினி பேரு இல்லன்னா வாலிபர் பாட்டைப் போட்டுருவாங்க."

அதன் பிறகு இரண்டு வண்டிகளுக்கு நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன். பதினேழு வருட வேலையில் இப்படிச் செய்ததில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாடுகிற குரலின் சுருதியைக் கோடாக வரைந்து காட்டுகிற ஒரு தளம் இருக்கிறது. முதலில் பியூலாவின் பதிவைப் போட்டேன். மெர்லின் சொன்னது சரி. கோடு ஓரிடத்திலும் படி மாதிரித் தாவவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அவளுக்கே தெரியாமல், மேலே போகிறது.

பிறகு டயர் அறைக் கதவைச் சாத்திவிட்டு நான் பாடினேன். அதே பாட்டு, அதே நான்கு சரணம். என் கோடு கீழே போகிறது. முதல் சரணம் முடிவதற்குள்ளேயே ஒரு படி இறங்கிவிட்டேன், நான்காவதில் எங்கே கிடந்தேன் என்று தளத்துக்கே தெரியவில்லை. ஏறுகிறவளைப் பார்த்து இறங்குகிறவன் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. தெரியாமல் ஏறினாளோ தெரிந்து ஏறினாளோ, மூன்றாவது சரணத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது பொய்யில்லை. அதை அவள் நம்ப வேண்டும். நான் சிரித்தது பதினொரு பேர் முன்னால், ஆகவே தனியாகக் காதில் சொன்னால் கணக்குத் தீராது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று நடந்ததை வரி விடாமல் எழுத வேண்டும்.

பெண்கள் சங்கக் கூட்டத்துக்குள் ஆண்கள் போவதில்லை. போதகரான ஐயர்கூட ஆசீர்வாதம் சொல்ல வருவார், உடனே போய்விடுவார். நான் நாலரை மணிக்குக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். வேத வாசிப்பு பாதியில் நின்றது. பதினாலு பெண்கள். ஜனவரியைவிட மூன்று பேர் கூடுதல், பரவாயில்லை. பியூலா ஜன்னலோரம் இருந்தாள். என்னைக் கண்டதும் குனிந்துகொண்டாள். சங்கத் தலைவி ஞானசெல்வம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன எட்வின், வழி தப்பி வந்துட்டீரோ?"

வரும் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்திருந்தேன். ஒன்றும் நினைவில்லை. வந்தது இதுதான்:

"டீச்சர், ஜனவரில எங்க வீட்டுல வச்சு பியூலா பாட்டைக் கேலி பண்ணேன். எல்லாரும் சிரிச்சீங்க, நான்தான் சிரிக்க வச்சேன். அது தப்பு. அவ மனசு நொந்துட்டு, அது தெரிஞ்சும் ஒரு மாசமா மன்னிப்பு கேக்காம கிட்டாரைத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். பியூலா, என்னைய மன்னிச்சிரு. போன ஞாயித்துக்கிழமை நான் கேலி பண்ணல. நீ வேணும்னு ஏத்துதன்னு நெசமாவே நம்பிட்டேன். நம்பித்தான் நாலு சுருதிலயும் வாசிக்கப் படிச்சேன். இப்பத்தான் தெரியும் அது தானா ஏறுதுன்னு. தெரிஞ்ச பொறவும் எனக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு."

மெர்லின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர், "நாலு சுருதியா? வாசிச்சுக் காட்டும் பாப்போம்" என்றார்.

பாயிலேயே உட்கார்ந்து வாசித்தேன். ஜி. ஜி ஷார்ப். ஏ-யில் ஒரு கம்பி இழுத்துக்கொண்டது. ஏ ஷார்ப்புக்குப் போகும்போது விரல் நுனி விண்ணென்று வலித்தது. முடித்து நிமிர்ந்தால் பியூலா என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"ஜி-ல ஆரம்பிங்க" என்றாள். "எனக்கு நிக்காது. ஏறுவேன். பின்னால வாங்க."

பாடினாள். நான் பின்னால் போனேன். மூன்றாவது சரணத்தில் பதினாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பிப்ரவரி 22, சனி

ஒத்திகையில் ஒரு வேடிக்கை. அன்று அவளுக்குப் பின்னால் போன கிட்டார் இன்று எல்லாருக்கும் முன்னாலேயே ஒலித்ததால் சுருதி ஏறவே இல்லை! நான்கு சரணமும் ஜி-யிலேயே ஆணி அடித்தாற்போல நின்றது. முடிந்ததும் டீச்சர், "சுத்தமா இருக்கு. நல்லா தூக்கமும் வருது" என்றார். பியூலாவும் உதட்டைப் பிதுக்கினாள்.

ஆகவே தீர்மானம் செய்துவிட்டோம். ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அடுத்த சுருதிக்கான கார்டை நான் முன்கூட்டியே நாலு தட்டு தட்டுவேன், அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து ஏற வேண்டும். ஐந்து முறை தப்பிற்று. ஆறாவது முறை ஏறினார்கள் பாருங்கள்! பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். லிஸ்டில் பியூலா பெயரை டீச்சரே தன் கையால் எழுதினார்.

வீட்டில் பியூலா என் விரலுக்கு மஞ்சள் குழைத்துப் போட்டாள். போட்டுக்கொண்டே, "ஆறுமுகநேரி வரைக்கும் தாங்குமா?" என்றாள். ஒரு வினாடி கழித்துத்தான் புரிந்தது, என்னைக் கேலி செய்கிறாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 2, ஞாயிறு

பண்டிகை. தட்டுத் தட்டாக முருங்கைக்காயும் வாழைத்தாரும் முட்டையும் பீடத்துக்கு முன்னால் வந்து குவிந்தன. ஐயர் அறிவித்தார்: "அடுத்து விசேஷப் பாட்டு. எழுதி மெட்டமைத்தவர் சகோதரி பியூலா எட்வின்." பிரின்ஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஜி-யில் ஆரம்பித்தோம். ஏறினோம். ஏறினோம். ஏ ஷார்ப்பில் நான்காவது சரணம் முடிந்து நான் கடைசித் தட்டுக்குக் கையை ஓங்கியபோது, பியூலா நிறுத்தவில்லை. முதல் வரியை மறுபடி எடுத்துவிட்டாள். அதுவும் ஏ ஷார்ப்பில் இல்லை, இன்னும் அரைப்படி மேலே, பி-யில்! ஒத்திகையில் இல்லவே இல்லாதது. யோசிக்க நேரமில்லை. விரலை அப்படியே ஒரு கட்டம் மேலே தள்ளிப் பிடித்துவிட்டேன். சபை முழுக்க எழுந்து நின்று கை தட்டிக்கொண்டே கூடப் பாடியது. பிரின்ஸும் தட்டினான், நான் பார்த்தேன்.

சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாடு முடிந்து வெயில் தாழ நடந்து வந்தோம். கிட்டாரை அவள் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கடைசில ஒரு படி கூடப் போனேனே, பிடிச்சீங்களா?" என்றாள்.

"பிடிச்சேன். ஆனா உயிரே போயிட்டு. உற்சாகத்துல தானா ஏறிட்டோ?"

"தானா இல்ல" என்றாள் பியூலா. "வேணும்னுதான் ஏத்துனேன்."